தேன்சிட்டும் மரப்பாசியும்: ஊரப்பாக்கத்து மாமரத்தில் இரண்டு குடித்தனங்கள்

"மரத்துக்குத் தேமல் வந்திருச்சு சார். அதான் இந்த வருஷம் காய்ப்பே இல்லை."

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய தோசைத் திருப்பியால் தன் வீட்டு மாமரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடிமரம் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக வட்ட வட்டத் திட்டுகள். சுரண்டச் சுரண்ட, செதில் செதிலாகக் கீழே உதிர்ந்தன.

"இதுக்கும் சரியாகலைன்னா மரத்தை எடுத்துட்டு, அந்த இடத்துல காருக்கு ஷெட் போட்டுடலாம்னு பையன் சொல்றான்" என்றார். குரலில் மனசில்லை. அவர் கையால் நட்ட மரம் அது.

அப்போதுதான் ஆறாம் வகுப்பு படிக்கும் பேத்தி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "தாத்தா, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. சிட்டு வருது, பாருங்க!"

கட்டைவிரல் அளவுக்கு ஒரு பறவை, மேல் கிளையில் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் செதிலைக் கொத்தி எடுத்தது. நேராகத் தாழ்வாரத்துக்குப் பறந்து, காலிங் பெல் ஒயரில் தொங்கிய ஒரு சின்னப் பையின் மேல் அதை ஒட்டியது. மறுபடியும் மரத்துக்குப் போனது.

பெரியவர் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். தாத்தா தேமல் என்று சுரண்டிப் போட்டதை, அந்தச் சிட்டு தன் வீட்டுக்கு டைல்ஸாகப் பதித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிட்டு யார்? அந்தத் 'தேமல்' யார்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் தெருவைப் பற்றியும் நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றியும் நிறைய தெரிந்துகொள்ளலாம்.

பத்து ரூபாய் நாணயம் எடையில் ஒரு பறவை

சிட்டின் பெயர் ஊதாப்பிட்டு தேன்சிட்டு. வாலுக்கு மேலே பிட்டப் பகுதி ஊதா நிறத்தில் மின்னுவதால் இந்தப் பெயர். ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, தொண்டை ஊதா, தோளில் ஒரு பச்சைப் பளபளப்பு, வயிறு மஞ்சள். பெண்ணுக்கு வெளிறிய தொண்டையும் மஞ்சள் மார்பும்தான்; பகட்டு கிடையாது. நீளம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை சுமார் 8 கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்.

வளைந்த அலகு, குழல் போன்ற நாக்கு. செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கைப்பூ என்று தேன் இருக்கும் இடமெல்லாம் வரும். குஞ்சுகளுக்கு மட்டும் பூச்சியும் சிலந்தியும் ஊட்டும். அகலமான இலையில் தேங்கிய பனித்துளியில் சறுக்கிச் சறுக்கிக் குளிக்கும் பழக்கமும் இதற்கு உண்டு.

1766-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இப்போதைய முழுப் பெயர் 'லெப்டோகோமா சைலோனிகா'. அதாவது, பெயரிலேயே இலங்கை இருக்கிறது.

இது 'பாடும் பறவை' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகப் பறவை இனங்களில் கிட்டத்தட்டப் பாதி இந்த வகைதான். இதில் ஒரு வேடிக்கை: பறவையியல் கணக்குப்படி காகம் பாடும் பறவை, குயில் அல்ல! குரல் இனிமையை வைத்து இந்தப் பிரிவு செய்யப்படவில்லை. குரல் உறுப்பின் அமைப்பையும் பரம்பரையையும் வைத்துச் செய்யப்பட்டது.

அந்தத் 'தேமல்' உங்கள் சமையலறையிலும் இருக்கிறது

மரத்தில் இருந்த திட்டுகளின் பெயர் லைக்கன். பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஊரில் மரப்பாசி, பாறைப்பாசி என்பார்கள். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் பட்டை, கிராம்போடு போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான். ஆய்வகத்தில் அமிலமா காரமா என்று பார்த்த லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கனிலிருந்து வந்ததுதான். சாயம் தரும் 'ரொசெல்லா' வகை லைக்கன் தமிழகக் கடலோர மரங்களிலும் வளர்கிறது.

பாசி என்று சொன்னாலும் இது பாசி மட்டும் அல்ல. செடியும் அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், ஈரம் காக்கும். பாசி உள்ளே இருந்து சூரிய ஒளியில் சமைக்கும். 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அந்தக் காலத்துப் பெரிய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. இரண்டு வெவ்வேறு உயிர்கள் எப்படி ஓர் உருவமாக இருக்க முடியும் என்று கேட்டார்கள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சையும் இருப்பதைக் காட்டியது. இருவர் என்று நினைத்த வீட்டில் மூன்றாவதாகவும் ஒருவர்!

இந்தியச் சமவெளி ஊர்களில் மரப்பட்டைகளில் பரவலாகக் காணப்படும் லைக்கன்களில் ஒன்றின் பெயர் 'பிக்சைன் கோகோஸ்'. கோகோஸ் என்றால் தென்னை. தேன்சிட்டின் பெயரில் இலங்கை இருப்பதுபோல, இதன் பெயரில் தென்னை. சாம்பல் வெள்ளையில், ஓரம் இதழ் இதழாகப் பிரிந்து, பட்டையோடு பட்டையாக ஒட்டி வளரும். புற ஊதா விளக்கை அதன்மேல் அடித்தால் மஞ்சளாக ஒளிரும். சுட்டெரிக்கும் வெயிலுக்கு எதிராக அது பூசிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள்தான் அப்படி ஒளிர்கிறது.

மரத்துக்கு நோயா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், இந்தத் திட்டுகளைப் பார்த்து மருந்து அடிப்பவர்களும் சுண்ணாம்பு பூசுபவர்களும் மரத்தையே வெட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

லைக்கனுக்கு வேர் கிடையாது. பட்டையின் வெளித்தோலைப் பிடித்துக்கொள்ள நுண்ணிய நார்கள் மட்டும்தான் உண்டு. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. வெயில், மழை, காற்றில் வரும் தூசி ஆகியவற்றிலிருந்தே தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்கிறது. மரம் அதற்குச் சுவர் மாதிரி.

அப்படியென்றால் வயதான, இலை குறைந்த மரத்தில்தானே அதிகம் தெரிகிறது என்று கேட்கலாம். சரியான கேள்வி. இலை குறைந்தால் அடிமரத்தில் வெயில் விழும். வெயில் விழுந்தால் லைக்கன் செழிக்கும். மரம் தளர்ந்ததால் லைக்கன் வந்ததே தவிர, லைக்கன் வந்ததால் மரம் தளரவில்லை.

மாவில் நிஜமான தொல்லைகளை எப்படிப் பிரித்தறிவது? பூங்கொத்திலும் இளம் இலையிலும் வெள்ளைப் பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய். பஞ்சு போல ஒட்டியிருப்பதை விரலால் நசுக்கினால் ஈரமாகப் பிசுபிசுத்தால் அது மாவுப்பூச்சி. அடிமரத்தில் காய்ந்த செதிலாக, தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறினால் அது லைக்கன். காய்ப்பு குறைந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு வருடம் நன்றாகக் காய்த்துவிட்டு மறுவருடம் ஓய்வெடுப்பது பல மா ரகங்களின் குணம்.

பறப்பது வீட்டோடு, ஒட்டியிருப்பது உலகெங்கும்

வேகத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தேன்சிட்டு இரண்டு முட்டை இடும். 14 முதல் 16 நாட்களில் குஞ்சு பொரியும். அடுத்த 17 நாட்களில் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கும். ஒரு மாத காலண்டர் தாளைக் கிழிப்பதற்குள் ஒரு தலைமுறை தயார்.

லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இருக்கிறது என்றால், பல ஆண்டுகளாக அது அங்கே குடியிருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் ஐந்து நிமிடத்தில் சுரண்டிய திட்டு, பேத்தி பள்ளியில் சேர்வதற்கு முன்பே முளைத்ததாக இருக்கலாம்.

ஆனால், பயணத்தில் கதை தலைகீழ். சிறகுள்ள ஊதாப்பிட்டு தேன்சிட்டு, இந்தியத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே வசிப்பதில்லை. பெரிதாக வலசையும் போவதில்லை. நகரவே தெரியாத பிக்சைன் கோகோஸோ, உலகின் வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் பரவியிருக்கிறது. அதன் மேற்பரப்பில் மாவு போல ஒரு தூள் உதிரும். ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பூஞ்சை இழையும் கொஞ்சம் பாசியும் சேர்ந்தே இருக்கும். கல்யாணம் முடித்துச் சீர்வரிசையோடு கிளம்புவது மாதிரி! காற்றும் மழையும் எங்கே கொண்டுபோய் விடுகின்றனவோ, அங்கே குடித்தனம்.

தாங்கும் சக்தியும் அதிகம். 2005-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், ரஷ்யாவின் ஃபோட்டான் விண்கலத்தில் இரண்டு வகை லைக்கன்களை அனுப்பி, சுமார் 15 நாட்கள் திறந்த விண்வெளியில் வைத்திருந்தது. காற்றில்லாத இருட்டையும் கடும் கதிர்வீச்சையும் தாங்கிவிட்டு, பூமிக்குத் திரும்பியதும் அவை மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தன. ஆனால், விண்வெளியையே தாங்கும் இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் நம் ஊர்ப் புகையைத் தாங்குவதில்லை.

இரண்டும் காற்றுக்குச் சாட்சி

பறவையின் நுரையீரல் நம்முடையது போல ஊதிச் சுருங்கும் பை அல்ல. கூடுதலாக உள்ள காற்றுப் பைகள் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று கிடைக்கும். பறப்பதற்கு இது வரம். காற்றில் நஞ்சு கலந்தால் இதுவே சாபம்.

பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரி என்ற பாடும் பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றது இதனால்தான். 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை அது. கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதருக்கு முன்பே பறவை மயங்கி விழும். தொழிலாளர்கள் வெளியே ஓடுவார்கள். 1986-ல்தான் கருவிகள் வந்து பறவைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

லைக்கன் சொல்லும் சாட்சி வேறு விதம். அதற்கு மேல்தோல் மெழுகும் இல்லை, மூடித் திறக்கும் துளைகளும் இல்லை. மழையோடு எது வந்தாலும் அப்படியே உள்ளே போகும். வண்டிப் புகை, ஆலைப் புகையில் உள்ள கந்தக டை-ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகி, உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் பாசியின் பச்சையத்தைக் கெடுக்கும். சமையல்காரர் போனால் வீடு கட்டியவரும் பட்டினிதான்.

1866-லேயே இதைக் கவனித்தவர், ஃபின்லாந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர். பாரிஸ் நகரத்தின் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள், லக்சம்பர்க் பூங்கா மரங்களில் மட்டும் இருப்பதைப் பார்த்து, இவை காற்றின் சுத்தத்தை அளக்கும் கருவி என்று எழுதினார். லைக்கன் ஒரு கூட்டுக் குடித்தனம் என்பதை மட்டும் கடைசிவரை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை! 1970-ல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர், எந்தெந்த லைக்கன் இருந்தால் காற்றில் எவ்வளவு கந்தகம் என்று ஓர் அளவுகோலே தயாரித்தார்கள். பிறகு கரிப்புகை குறைந்தபோது, லண்டன் மரங்களுக்கு லைக்கன்கள் திரும்பி வந்தன.

நம் நாட்டில், லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இதே பிக்சைன் கோகோஸை நகர மரங்களிலிருந்து எடுத்து, அதில் படிந்துள்ள ஈயம், துத்தநாகம், குரோமியம் போன்ற உலோகங்களை அளந்திருக்கிறார்கள். வண்டிகளும் ஆலைகளும் காற்றில் விட்டவை, மரப்பட்டையில் கணக்காக எழுதப்பட்டிருந்தன.

ஆக, சிட்டு சொல்வது இன்றைய செய்தி. பூ இல்லை, பூச்சி இல்லை, பூனை தொல்லை என்றால் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும். காரணத்தைச் சொல்லாமலே போய்விடும். லைக்கன் எங்கும் போகாது. நல்ல காற்றோ கெட்ட காற்றோ, பல ஆண்டுகளின் வரவை உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டு அதே இடத்தில் இருக்கும். அதைச் சுரண்டினால், இன்னும் யாரும் படிக்காத ஒரு கணக்கு நோட்டைக் கிழிப்பது மாதிரி.

ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு நடை

ஊரப்பாக்கத்துக்கு இந்தக் கணக்கு நோட்டு ரொம்ப அவசியம். ஒரு பக்கம் வண்டலூர்க் காப்புக்காடும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகளின் வாசலே நம் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் காட்டுக் காற்றும் கிடைக்கும், டீசல் காற்றும் கிடைக்கும்.

ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளோடு இந்த நடையைப் போய்ப் பாருங்கள். சில விதிகள் மட்டும்:

* வேம்பை வேம்போடும் மாவை மாவோடும் ஒப்பிடுங்கள். பட்டை உரியும் கொய்யாவிலும் தைல மரத்திலும் லைக்கன் நிலைக்காது.
* சுண்ணாம்பு, பெயின்ட், போஸ்டர் உள்ள மரங்களை விட்டுவிடுங்கள்.
* எத்தனை திட்டு என்பதைவிட எத்தனை வகை என்று பாருங்கள். மாவு அப்பியது போல் ஒட்டியிருப்பவை புகையை ஓரளவு தாங்கும். இலை போல் விரிந்தவை அதைவிட மென்மையானவை. தாடி போல் தொங்குபவைதான் மாசுக்கு முதலில் பலியாகும்.
* நம் பக்கம் தாடி வகை இல்லாததற்குப் புகை மட்டுமே காரணம் அல்ல. வெயிலும் வறட்சியும்கூடக் காரணம். கொடைக்கானலோடு ஊரப்பாக்கத்தை ஒப்பிடக் கூடாது. சாலையோர மரத்தை உள் தெரு மரத்தோடு ஒப்பிட வேண்டும்.
* பிக்சைன் கோகோஸ் மாசைத் தாங்கக்கூடிய இனம். அது ஒன்று மட்டும் இருப்பதை வைத்து 'எங்கள் தெருவில் சுத்தமான காற்று' என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.
* பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே மரத்தில், அதே கோணத்தில் இன்னொரு படம். வளர்ந்ததா, கருகியதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை: காய்ந்த லைக்கன் திட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடங்களில் சாம்பல் நிறம் பச்சையாகும். ஈரம் பட்டதும் பூஞ்சையின் மேல்தோல் கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பாசி தெரிவதுதான் அந்தப் பச்சை. பிள்ளைகள் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

கூடு கட்டியிருந்தால்...

தேன்சிட்டின் கூட்டைப் பலர் தூக்கணாங்குருவிக் கூடு என்று நினைக்கிறார்கள். தூக்கணாங்குருவி புல்லைக் கிழித்துப் பின்னும். தேன்சிட்டு பின்னாது, ஒட்டும். மெல்லிய நாரைச் சிலந்தி வலையால் கட்டி, மேலே பட்டைத் துண்டு, லைக்கன் செதில், பறக்கும் விதை என்று கிடைத்ததை எல்லாம் அப்பும். பார்த்தால் ஒயரில் சிக்கிய குப்பை மாதிரி இருக்கும். அதுதான் அதன் பாதுகாப்பு. பெரும்பாலும் பெண் சிட்டுதான் கட்டும். ஆண் எப்போதாவது ஒத்தாசை. ஆனால், கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுகளுக்குச் சில நாட்கள் ஊட்டுவது அப்பாவின் பொறுப்பு.

உங்கள் தாழ்வாரத்திலோ துணிக்கொடியிலோ அப்படி ஒரு 'குப்பை' தொங்கினால், ஒட்டடைக்கம்பை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இருந்தால், ஒரு மாதம் பொறுத்தால் போதும். அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள். ஆண் சிட்டு பைக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருந்தால், தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது என்று அர்த்தம். கண்ணாடியில் ஒரு துணியைப் போர்த்தினால் சண்டை முடிந்தது.

தெருக்கோடி வீட்டில் இப்போது காலிங் பெல் அடிக்கக் கூடாது என்று பேத்தி அட்டை எழுதி மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் கேட்டைத் தட்ட வேண்டும். மாமரத்தில் பாதிப் பக்கம் சுரண்டியது சுரண்டியதுதான். அந்தப் பக்கம் மறுபடி திட்டு வளர எத்தனை வருடம் ஆகுமோ. மறுபக்கம் அப்படியே இருக்கிறது.

"கார் ஷெட் என்னாச்சு சார்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் காய்க்குதா பார்ப்போம்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு, தாழ்வாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காய்க்கலைன்னாலும் ஏதாவது சொல்லிக்கலாம்."